திருத்துழாய்த் தோப்பில் பெர்ஜெராக்

சுவாமி,

இன்று காலை கடையில் ஒரு பெட்டி பிரித்தேன். மேல்பலகையைத் தூக்கியதும் வைக்கோல் வாசனையும் அதற்கடியில் ஈரக் கார்க்கின் வாசனையும் கிளம்பின. கை தன்னாலே ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, கார்க்கை இடப்பக்கமாக நீட்டிவிட்டது. நீங்கள் எப்போதும் என் இடப்பக்கம்தானே நிற்பீர்கள். அங்கே மெழுகுவர்த்திக் கட்டுகள்தான் அடுக்கியிருந்தன. சரி என்று நானே மோந்து பார்த்தேன். கார்க்கு மாதிரி இருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

சரக்கு எங்கிருந்து வந்தது என்று எழுத மாட்டேன். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்ததாக இருக்கலாம், அசல் திராட்சை ரசமாகவும் இருக்கலாம். நாக்கில் ஒரு துளி விட்டேன். துவர்க்கிறது, புளிக்கிறது. அதை வைத்து ஒரு முடிவுக்கு வர என்னால் ஆகவில்லை. திருச்சி பாலக்கரையில் என்னைக் கெட்டிக்கார வியாபாரி என்கிறார்கள். இந்த ஒரு சரக்கில் நான் பாதி ஆள் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

முதலில் உங்களைப் பார்த்தது பாண்டிச்சேரியில், அங்கே பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முன்பு. நம் பக்கம் மதுவிலக்கு. மாதா கோயில்களில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்துக்கு மட்டும் பெர்மிட் உண்டு. ரயிலடியில் கூடையில் வைத்து மெழுகுவர்த்தி விற்று, பிறகு ஒரு கடை போட்டு, சாம்பிராணி, ஜெபமாலை என்று பெருக்கி, அலையாத ஆபீஸெல்லாம் அலைந்து அந்தப் பெர்மிட்டையும் வாங்கிவிட்டிருந்தேன். எந்தச் சரக்கிலும் என்னை ஏமாற்ற ஆள் இல்லை என்ற திமிர் எனக்கு. அந்தத் திமிரோடு இறக்குமதிக் கம்பெனியின் கிடங்குக்குள் நுழைந்தால், பீப்பாய்களுக்கு நடுவே பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, பஞ்சகச்சமும் கறுப்புக் கோட்டுமாக ஒரு ஐயங்கார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை மோந்துகொண்டிருக்கிறார்.

"சாமி, நீங்களா இதையெல்லாம் குடிச்சுப் பார்க்குறது?" என்று கேட்டுவிட்டேன்.

"நாராயணா! நாக்குல பட்டா ஆசாரம் போச்சு. மூக்குல படறதுக்கு எந்தச் சாஸ்திரத்திலயும் தடை இல்லை ஓய்."

"அப்ப ருசி?"

"அதுக்குத்தான் உம்மை மாதிரி ஒருத்தர் வரணும். குடியும். குடிச்சுட்டு உள்ளபடி சொல்லும். நாக்கு பொய் சொன்னா மூக்கு காட்டிக் கொடுத்துடும்."

குடித்தேன். பாக்கு மாதிரித் துவர்க்கிறது என்றேன். நீங்கள் விடவில்லை. "கொட்டைப்பாக்கா, களிப்பாக்கா?" களிப்பாக்கு என்று யோசித்துச் சொன்னேன். கண் திறந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தீர்கள். "பேஷ். எனக்கு மழை நின்ன மண்ணு வாசனை வந்தது. அதுக்குக் களிப்பாக்குதான் பொருத்தம். என் மூக்கும் உம்ம நாக்கும் சேர்ந்தா ஒரு முழுக் குடிகாரன் கிடைப்பான்." அன்று தொடங்கியது நம் கூட்டு. பத்திரம் எழுதாத கூட்டு.

பெரிய மாதா கோயில்களுக்கு, பிரெஞ்சு தேசத்தில் திராட்சை ரசத்துக்குப் பேர்போன பொர்தோ ஊரின் பேர் வேண்டும். லேபிளில் அது இருந்தால் பங்குச் சாமியார் மறுபேச்சுப் பேச மாட்டார். நானும் அதைத்தான் கேட்டேன், அதிலும் விலை குறைந்ததாக. நீங்கள் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்துவிட்டீர்கள்.

"இதை வாங்காதேயும்."

"ஏன் சாமி, பொர்தோதானே?"

"பொர்தோதான். பேர் பெத்த ஊரோட கடைசிச் சரக்கு. விலையில முக்கால்வாசி பேருக்குப் போயிடும், மிச்சத்துக்குத்தான் உள்ள இருக்கிறது. அதே ஆத்தோட மேல போனா பெர்ஜெராக்னு ஒரு சீமை. அதே திராட்சை, அதே வெயில், கிட்டத்தட்ட அதே மண்ணு. நடுவுல சர்க்கார் ஒரு கோடு போட்டுட்டான். கோட்டுக்கு அந்தண்டை இருக்கிறதாலே பாதி விலை. முக்கொம்புக்கு மேல போயிட்டா அது காவேரி இல்லேன்னு ஆயிடுமா ஓய்?"

எனக்கு உடனே பிடிபட்டது. அதே வேலையை நான் முறுக்கில் செய்துகொண்டிருந்தேனே. மணப்பாறை முறுக்கு என்றால் ரயில் நின்றதும் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். அங்கிருந்து மருங்காபுரிப் பக்கம் போனால் அதே உப்புத் தண்ணீர், அதே கைப்பக்குவம், கேட்க ஆள் இல்லை. அங்கே ஒரு அம்மாவிடம் வாங்கித்தான் என் கடையில் வைத்திருந்தேன். இதைச் சொன்னதும் கிடங்கு அதிரச் சிரித்தீர்கள். "மருங்காபுரி முறுக்கு விக்கறவருக்கு நான் பெர்ஜெராக்கை என்னத்தை விளக்கறது!"

அதற்குப் பிறகு நான் பேரைப் பார்த்து வாங்கியதே இல்லை. லேபிளில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியிலிருக்கும் சின்ன எழுத்தைப் படிப்போம். விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைத்தானா, துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கண்டதோடு கலந்து அடைத்தானா என்பது அங்கேதான் இருக்கும். பிறகு உங்கள் மூக்கு, என் நாக்கு. இரண்டும் ஒத்துப் போனால் வாங்குவேன். பெரிய கோயில்களுக்கு அவர்கள் கேட்ட பொர்தோ. வானம் பார்த்த சீமையிலிருக்கும் சின்னக் கோயில்களுக்கு பெர்ஜெராக். மருங்காபுரிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் ஒரு சாமியார் வருவார். பூசைக்கு வைக்கிற ரசத்தில் வேறு எதுவும் சேரக் கூடாது, சேர்ந்தால் பூசையே செல்லாது. பொர்தோ விலை கொடுத்து அசலை வாங்க அவரிடம் வசதி கிடையாது. முதல் தடவை பெர்ஜெராக்கின் விலையைக் கேட்டுவிட்டு, "விலை சரியாத்தான் சொல்றீங்களா?" என்று சந்தேகப்பட்டார். உங்களிடம் வந்து சொன்னேன். அன்று முழுக்க நீங்கள் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தீர்கள்.

வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் உங்களைக் கிடங்கில் பிடிக்க முடியாது. புரட்டாசி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில், உங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தோப்பு. வாழை, தென்னை, நடுவே திருத்துழாய்ப் பாத்தி. துளசி என்று நான் சொன்னால் திருத்துவீர்கள், திருத்துழாய் என்று. அந்தத் தோப்புத் திருத்துழாயைத் தொடுத்துப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் குடும்பத்துக் கைங்கர்யம். ஆளுக்கு ஒரு மாத முறை. உங்கள் முறை புரட்டாசி. முதலாளி சம்பளத்தைப் பிடித்தாலும் சரி, வேலையை விட்டே நிறுத்தினாலும் சரி, போய்விடுவீர்கள். "பதினோரு மாசம் வெள்ளைக்காரனோட பீப்பாயை மோந்துண்டு இருக்கேன். இந்த ஒரு மாசம் இருக்கறதாலதான் நான் மனுஷனா இருக்கேன்" என்று ஒரு நாள் சொன்னீர்கள். வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உங்களிடம் வேடிக்கையே கலக்காத பேச்சு அது ஒன்றுதான் என்று.

கொடி இறங்கியது. சில வருஷத்தில் இறக்குமதி லைசென்ஸும் இறுகியது. உங்கள் முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார். நீங்கள் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பினீர்கள். வருவதற்கு முன்னால் எனக்குக் கார்டு போட்டீர்கள்: கிடங்கில் கடைசியாக ஒரு பெர்ஜெராக் சரக்கு இருக்கிறது, நான் மோந்ததிலேயே இதுதான் உசத்தி, விடாதேயும். பெர்மிட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாக்கில் வைத்தேன். உங்களிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? மொத்தமும் எனக்கு என்றேன். அப்படியே வாங்கினேன். இனிமேல் வராது என்று தெரியும். சின்னக் கோயில்களுக்கு அதை வைத்துத்தான் வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும்.

சித்திரை வந்தது. திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டுமா? மலைக்கோட்டை பகலெல்லாம் காய்ந்து ராத்திரியெல்லாம் அனலைக் கக்கும். என் கடைக்கோ தகரக் கூரை. நீங்கள் வந்து ஒரு பாட்டிலின் மேல் கை வைத்துப் பார்த்தீர்கள்.

"ஓய், இது பாட்டில் இல்லை. ஜுரக்காரன் நெத்தி. வைகாசி தாண்டாது. அத்தனையும் புளிச்சுக் காடியாயிடும்."

"ஈரச் சாக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கேன் சாமி."

"சாக்கு பத்தாது. தோப்புல பழைய கிணறு ஒண்ணு இருக்கு. ஆழம். உள்ள குளுகுளுன்னு இருக்கும். தண்ணிக்கு மேல கூடையில தொங்க விட்டுடலாம்."

நான் மறுத்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், வைத்திருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பெர்மிட்டில் என் கடை விலாசம் போட்டிருக்கிறது, வேறு இடத்தில் இருந்தால் என்னைப் பிடித்து உள்ளே போடுவான் என்றேன். "கலால்காரன் கிணத்துக்குள்ள வந்து எட்டிப் பார்ப்பானா?" என்றீர்கள்.

"உங்க பங்காளிங்க எட்டிப் பார்ப்பாங்களே."

"அந்தக் கிணத்துல இப்ப யாரும் இறைக்கறதில்லை. ஆத்தோரக் கிணறுதான் புழக்கம். அதுவும் அடைச்சு அரக்கு வெச்ச பாட்டில் ஓய். அது தீர்த்தத்தைத் தொடாது, தீர்த்தம் அதைத் தொடாது."

சமயபுரத்தில் ஒரு சத்திரத்தின் நிலவறையைக் கேட்டுப் பார்த்தேன். பாட்டில் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து சொன்னபோது நீங்கள் குரலை இறக்கிப் பேசினீர்கள். "இருபது வருஷமா நான் என்ன வேலை பார்த்தேன்னு எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. குமாஸ்தான்னு நினைச்சுண்டிருக்கா. என் மூக்கு சரின்னு சொல்ல இந்தச் சரக்கு ஒண்ணுதான் சாட்சி. அதைப் புளிக்க விடச் சொல்றீரா?" மறுநாளே வண்டிக்குச் சொல்லிவிட்டேன்.

இரண்டு பேருமாகத்தான் இறக்கினோம். மூங்கில் கூடை, தேங்காய் நார்க் கயிறு. எட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து முகத்தில் குளிர்ச்சி வந்து மோதியது. தண்ணீர் எங்கோ அடியில் கிடந்தது.

சுவாமி, பிரெஞ்சு தேசத்து ஆற்றுக்கு இந்தண்டை எது அந்தண்டை எது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய நமக்கு, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு ஆடியில் என்ன செய்யும் என்று தோன்றவில்லை. நான் திருச்சிக் கடைத்தெருக்காரன், எனக்குக் கிணறு தெரியாது. நீங்களோ புரட்டாசியில் மட்டும் வந்து போனவர். கிணறு நிறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள், நிறைவதைப் பார்த்ததில்லை. கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வந்ததும் ஊற்றுப் பெருகிப் பழைய கிணற்றில் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. வருஷா வருஷம் அப்படித்தானாம். ஏறியதும் அதில் ஏற்றம் பூட்டி இறைப்பதும் வழக்கமாம். கலங்கல் தண்ணீர் கூடையை மூடிவிட, இறைக்கிற இரும்புச் சால் நேரே அதன் மேல் இறங்கிப் பாட்டில்களை உடைத்தது. சிவப்பாக வந்த தண்ணீரைப் புதுவெள்ளத்தின் செம்மண் என்று நினைத்து இறைத்திருக்கிறார்கள். அது வாய்க்காலில் ஓடித் திருத்துழாய்ப் பாத்தியில் போய் நின்றது. அங்கே நின்ற பிறகுதான் வாசனை கிளம்பியிருக்கிறது.

எனக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல் அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கி, தோப்புக்கு நடந்து வந்தேன். உங்கள் பெரியப்பா பிள்ளை பாத்தியில் இறங்கித் தன் கையாலேயே செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வயசானவர். கண்ணில் தண்ணீர். நீங்கள் வரப்பில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"பெருமாளுக்குச் சாத்தற திருத்துழாய்க்குச் சாராயத்தைப் பாய்ச்சிட்டியேடா!"

"அண்ணா, அது சாராயம் இல்லை. பூஜைக்கு உள்ளது."

"யாரோட பூஜைக்குடா?"

அவர் அதட்டிக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் பக்கம் திரும்பாமலே கையை அசைத்து அடக்கிவிட்டீர்கள். பேச்சால் எத்தனையோ சரக்கைத் தள்ளிவிட்டவன் நான். அன்று என் பேச்சுக்கு அந்தத் தோப்பில் மதிப்பில்லை என்று நீங்கள் முன்பே கண்டுகொண்டீர்கள்.

அந்தப் புரட்டாசி முறையைப் பெரியப்பா பிள்ளையே எடுத்துக்கொண்டார். பெருமாள் கோயிலுக்கு விஷயமே போகவில்லை, எல்லாம் பங்காளிகளுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். உடையாத பாட்டில்களை நான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். எப்படியோ அதற்குப் பெர்மிட் தொல்லை வரவில்லை. அந்தக் கடைசிச் சரக்கு நீங்கள் சொன்னபடியே இருந்தது. மருங்காபுரிப் பக்கத்துச் சாமியார் அதை வாங்கிப் போய், அடுத்த தடவை வந்தபோது, "இந்த ரசத்தை எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார். பாண்டிச்சேரியில் என்றேன். வேறு என்ன சொல்ல?

நீங்கள் கடைசியாக என் கடைக்கு வந்தது அந்த ஐப்பசியில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஓய், ஒரு உபகாரம் பண்ணணும்."

"சொல்லுங்க சாமி."

"இனிமே நீர் அங்க வராதேயும். அக்கரையிலயே உம்மைப் பார்க்கப்படாது. உம்மைப் பார்க்கறச்சயெல்லாம் அவாளுக்கு அது ஞாபகம் வரது. கொஞ்ச நாள் மறக்கட்டும். முறையைத் திருப்பிக் கொடுத்துடுவா. அண்ணா மனசு எனக்குத் தெரியும்."

"எத்தனை நாளைக்கு?"

"முறை வர வரைக்கும். வந்த அன்னிக்கு நானே சொல்லி அனுப்பறேன், வாரும் ஓய்னு."

நான் வியாபாரி. இதை நியாயமான பேரமாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் வராமலிருப்பது விலை, உங்கள் புரட்டாசி சரக்கு. சரி என்றேன். அக்கரையில் வரவேண்டிய பாக்கிக்குக்கூட ஆளை அனுப்பினேனே தவிர நான் காவேரிப் பாலம் ஏறவில்லை. ஒவ்வொரு புரட்டாசி பிறக்கும்போதும் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்ரீரங்கத்திலிருந்து யார் எதற்கு வந்தாலும் முதலில் எழுந்து நிற்பேன். சாம்பிராணி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். புரட்டாசி முடிந்துவிடும். ஒரு வார்த்தை எழுதிப் போடலாமா என்று தோன்றும். என் கடிதத்தைத் தபால்காரர் உங்கள் தெருவில் கொண்டுவந்து கொடுப்பதும் நான் வருவது மாதிரிதானே என்று விட்டுவிடுவேன்.

காந்தி மார்க்கெட்டில் உங்கள் பக்கத்து வாழைத்தார் வண்டிக்காரர் ஒருவரைப் பார்த்தேன். சும்மா விசாரிக்கிற மாதிரி, கொள்ளிடக் கரைத் தோப்புக்காரர் சௌக்கியமா என்று கேட்டேன்.

"பாண்டிச்சேரி ஐயங்காருங்களா? அவரு போயிட்டாருங்களே. காரியமெல்லாம்கூட முடிஞ்சிருச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அவருக்கு... அந்தத் துளசி முறை திரும்ப வந்துச்சா?"

"எங்கங்க! புரட்டாசியில மாலை போறப்ப, ஓரமா ஒதுங்கி நிப்பாரு. கும்பிட்டுட்டுப் போயிடுவாரு. யாரும் அவரை ஒண்ணும் சொல்றதில்லைங்க. கூப்பிடவும் மாட்டாங்க."

தார் விலை சொன்னார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கியது அது ஒன்றுதான்.

மருங்காபுரிப் பக்கத்துச் சாமியாரிடம் ஒரு பூசை வைக்கச் சொன்னேன். இது உங்களுக்குப் பிடித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான். "யார் பேருக்கு?" என்று கேட்டார். ஒரு சிநேகிதர் என்றேன். "பேரு இல்லையா?" உங்கள் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தரம் இந்த ரசத்தோடு சேர்த்து உங்கள் பேர் அடிபட வேண்டாம் என்று நினைத்தேன். இந்தக் கடிதத்திலும் அதனால்தான் எழுதவில்லை. பூசையில் முழங்கால் போட்டு இருந்தேன். மனசு ஆறியதாகச் சொன்னால் அது பொய். ஒன்றும் ஆறவில்லை.

அந்தச் சரக்கு தீர்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. சின்னக் கோயில்கள் திரும்பவும் கையில் கிடைத்ததை வாங்குகின்றன. நானும் வந்ததை விற்கிறேன். நல்லதுதானா என்று கேட்கிறார்கள். நல்லது என்கிறேன். காட்டிக் கொடுக்கும் மூக்கு இல்லாததால் என் நாக்கு எதை வேண்டுமானாலும் சொல்கிறது.

உங்கள் தெரு, அந்தத் தோப்பு, எதையும் நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே பாலம் ஏறிப் போகிறது. என் மகன்கூட சைக்கிளில் போய் ரங்கவிலாச மண்டபத்துக் கடையில் பொரி வாங்கி வருகிறான். "நீங்க ஏம்பா அக்கரைக்கு வரதே இல்லை?" என்று கேட்டான். அங்கே நமக்கு வியாபாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். வராதேயும் என்று சொன்னது நீங்கள். நீங்கள் போன பிறகும் அது அப்படியே நிற்கிறது. எடுத்துவிடு என்று உங்கள் அண்ணா சொன்னால் செல்லாது, வண்டிக்காரர் சொன்னால் செல்லாது, நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவும் உரிமை இல்லை. வாரும் ஓய் என்று நீங்கள் ஒருவர்தான் சொல்ல முடியும். நான் பேச்சுத் தவறாத வியாபாரி, சுவாமி. இக்கரையிலேயே இருக்கிறேன்.